கொட்டு வேண்டாம்

"பிணம் எப்ப வருதுங்க?" என்று எரிவாயு தகன மேடை அலுவலகத்தில் இருந்தவர் கேட்டார். கேட்டுவிட்டு ரசீதுப் புத்தகத்தைத் திறந்து, எழுதாத பேனாவை இரண்டு முறை உதறி, நான் நேரம் சொல்வதற்காகக் காத்திருந்தார். வந்தாயிற்று, உங்கள் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்ல நாக்கு துடித்தது. அறுபத்தெட்டு வயதுக்காரி கிண்டல் செய்தால் புத்தி பிசகிவிட்டது என்பார்கள். அதனால் அடக்கிக்கொண்டு, எனக்காகத்தான் முன்கூட்டியே பணம் கட்டிவைக்க வந்திருக்கிறேன் என்றேன்.

அவர் பேனாவை மூடிவிட்டார். இருக்கிறவர்களுக்கு ரசீது போட முடியாது என்றார். படிவத்தைத் திருப்பி என் பக்கம் காட்டினார். இறந்தவர் பெயர், இறந்தவரின் ஆதார், டாக்டர் சான்று, விண்ணப்பிப்பவர் இறந்தவருக்கு என்ன உறவு என்று வரிசையாகக் கட்டங்கள் இருந்தன. உறவு என்ற இடத்தில் 'தானே' என்று எழுதிக்கொள்ளலாமே என்றேன். அவர் சிரிக்கவில்லை. வேண்டுமானால் நன்கொடை கொடுங்கள், வாசலில் கிரானைட்டில் பேர் வரும் என்றார். எரிகிற இடத்து வாசலில் பேர் பொறித்துக்கொள்கிற ஆசை எனக்கு இல்லை. எழுந்து வந்துவிட்டேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் சார்பதிவாளர் அலுவலகங்களில் முப்பத்து மூன்று வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். பத்திரங்களைப் படித்து, சரிபார்த்து, கட்டுக் கட்டிவைத்தே காலம் போயிற்று. எதையும் எழுத்தில் வைத்துவிட வேண்டும், வாய்ப்பேச்சை நம்பக்கூடாது என்பது அந்த உத்தியோகம் எனக்குக் கொடுத்த வியாதி. கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காட்டு மலைப்பாதை தொடங்குகிற இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி, சொந்தமாகச் சின்ன வீடு. தெருவில் என்னை ஆபீஸம்மா என்பார்கள். பிள்ளைகள் இல்லை. வீட்டுக்காரர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. என் சாவை நானே ஏற்பாடு செய்யக் கிளம்பியதற்குக் காரணம் அவர் சாவு நடந்த விதம்தான்.

அவர் லாரிப் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதியவர். நாள் முழுக்கத் தகரத்தைத் தட்டுகிற சத்தத்திலேயே இருந்ததால் வீட்டில் சத்தம் ஆகாது. மிக்ஸியைப் புழக்கடையில் வைத்து ஓட்டச் சொல்வார். ஒருநாள் விடியற்காலையில் பால் பாக்கெட்டை எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. எடப்பாடியிலிருந்து அவர் பக்கத்து ஆட்கள் வேன் பிடித்து வந்து சேர்ந்ததும், கொட்டுக்கு யாரைச் சொல்லலாம் என்று கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் எழவு என்றால் கொட்டு அடிக்காமல் இருக்காது. நான் ஐஸ் பெட்டிக்குள் கிடந்த முகத்தைப் பார்த்தேன். அவருக்குச் சத்தம் பிடிக்காது, கொட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆபீஸம்மா சொன்னால் சரி என்று விட்டுவிட்டார்கள்.

அப்புறம் காத்திருக்க ஆரம்பித்தோம். புருஷன் செத்தால் பெண்டாட்டிக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடி வர வேண்டும். கோடி என்பது ஒரு புதுச் சேலை, அவ்வளவுதான். அண்ணனோ தம்பியோ கொண்டுவந்து அவள் தோளில் போட வேண்டும். தாலி போனாலும் பிறந்த வீடு போகவில்லை என்று ஊர் முன்னால் சொல்வதற்கு அது ஒன்றுதான் அத்தாட்சி. அது வராமல் பிணத்தை எடுக்க மாட்டார்கள். எனக்கு இருந்தது ஒரே அண்ணன், திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில். காலையிலேயே போன் போட்டுச் சொல்லியாயிற்று. அண்ணி எடுத்து, சொல்லிவிடுகிறேன் என்றாராம்.

பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று. சடங்கு செய்கிற நாவிதர் என் பக்கத்தில் வந்து குனிந்து, "பொறந்த ஊட்டுக் கோடி வந்தாத்தானுங்க எடுக்க முடியும்" என்று மூன்று தடவை சொன்னார். தகன மேடையில் மூன்று மணிக்கு நேரம் வாங்கியிருந்தது. தவறினால் அடுத்த பிணத்தை ஏற்றிவிடுவார்களாம். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு மணி தாண்டியதும் யாரோ ஒரு வழி சொன்னார்கள். அம்மாபேட்டையில் இருந்து துக்கம் கேட்க வந்திருந்த எங்கள் தூரத்துப் பங்காளி ஒருவரைப் பிறந்த வீட்டாராக நிறுத்தினார்கள். பக்கத்து வீட்டுப் பெண் மெயின்ரோட்டு முக்கில் இருக்கும் ஜவுளிக்கடைக்கு ஓடி ஒரு வெள்ளைச் சேலை வாங்கி வந்தார். அதைப் பங்காளி என் தோளில் போட்டார். விலைச் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. அந்த அட்டை என் கழுத்தில் குத்திக்கொண்டே இருந்தது.

அன்றைக்கு நான் அழுத அழுகை முழுவதும் புருஷனுக்காக என்று எல்லாரும் நினைத்தார்கள். பாதிதான் அவருக்கு. மீதி அவமானம்.

அண்ணனுக்கும் எனக்கும் பேச்சு நின்றது அதற்கும் பன்னிரண்டு வருடம் முன்னால். அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கர் எங்கள் இருவர் பேரிலும் இருந்தது. அண்ணனுக்கு நான்கு பேரோடு கூட்டுச் சேர்ந்து போர்வெல் வண்டி வாங்க வேண்டும் என்று ஆசை. அந்தப் பக்கத்தில் அப்போது யாரைப் பார்த்தாலும் ரிக் வண்டிப் பேச்சுதான். நிலத்தை அடமானம் வைக்க வங்கியில் என் விடுதலைப் பத்திரம் கேட்டார்கள். சாமான் சட்டி, நகை என்று சீர் செய்து அனுப்பிய பெண், பாகத்தை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடுவதுதான் வழக்கம்.

நான் அந்த வழக்கத்தை மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவள். வாரத்துக்கு இரண்டு மூன்று தங்கைகள் வருவார்கள். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார்கள். வெளியே போனதும் அண்ணன்காரன் ஓட்டலில் நெய் ரோஸ்ட் வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிடுவான். பிற்பாடு புருஷன் படுத்தபோதோ மகள் கல்யாணத்துக்கோ அதே தங்கை அதே அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்ற கதைகளும் என் காதுக்கு வரும். அதனால் நான் மாட்டேன் என்றேன். நிலத்தின் மேல் எனக்கு ஆசை கிடையாது. அன்று முதல் இன்று வரை அதில் விளைந்த ஒரு மரவள்ளிக் கிழங்கை நான் கேட்டதில்லை. எல்லாத் தங்கைகளையும் போல நானும் ஏமாளி இல்லை என்று காட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அண்ணன் சண்டை போடவில்லை. என் வீட்டுக் கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, இடது கையை வலது கையால் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த இடது கையில் சுண்டுவிரல் இல்லை, சின்ன வயதில் கரும்பு ஆலையில் போனது.

"அம்மிணி, உன்னய ஏமாத்திருவன்னு நெனச்சுட்டயல்ல" என்றார்.

"ஏமாத்தறவங்க யாரும் சொல்லிட்டு ஏமாத்தறதில்லைங்க" என்றேன்.

அவர் எழுந்து போய்விட்டார். அந்த நால்வரும் வேறொருவரைச் சேர்த்துக்கொண்டு வண்டி வாங்கினார்கள். இப்போது அவர்களுக்கு இரண்டு வண்டி வடநாட்டில் ஓடுகிறது, மாடி வீடு கட்டிவிட்டார்கள். அண்ணன் கடைசிவரை கிழங்கும் வெள்ளாடுமாக இருந்தார். அதற்காக எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் புருஷன் பிணத்தை வைத்துக்கொண்டு என்னை இரண்டு மணிவரை உட்காரவைத்த பிறகு அந்த வருத்தம் செத்துப்போயிற்று.

போன ஐப்பசி மழையில் ஒருநாள் காலையில் அண்ணன் மகன் போன் செய்தான். "அத்தை, அப்பா போயிட்டாருங்க. மத்தியானம் எடுக்கறமுங்க" என்றான். வாரேன் சாமி என்றேன். போனை வைக்கிறவரை நிஜமாகவே போவதாகத்தான் இருந்தேன். உடன்பிறந்தவன் சாவுக்குக் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து வேட்டி துண்டு கொண்டுபோக வேண்டும். தலை சீவி, சேலை மாற்றி, போகிற வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று கைப்பையில் பணம் வைத்துக்கொண்டு, கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் கழுத்தில் அந்த விலைச் சீட்டு குத்தியது. காத்திருக்கட்டும் என்று நினைத்தேன். அவர்களும் இரண்டு மணிவரைக்கும் காத்திருக்கட்டும், எப்படி இருக்கிறது என்று தெரியட்டும்.

இரண்டு மணி ஆயிற்று. அதற்கப்புறம் போயிருக்கலாம். போகவில்லை. நான்கு மணிக்குச் சேலையை மாற்றிக்கொண்டு சோறு வடித்தேன். வீம்புக்கு வேப்பெண்ணெய் குடிப்பது என்பார்கள். குடிக்கிறபோது கசப்பு தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

அண்ணனும் போனபின் எனக்கு ஒருவிதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. பெண் செத்தாலும் பிறந்த வீட்டுக் கோடி வந்துதான் எடுக்க வேண்டும். அதைக் கொண்டுவர இனி ஆள் இல்லை. ஆள் இல்லை என்று ஆனபின் காத்திருக்கவும் தேவையில்லை. இனி என் பிணத்தை வைத்துக்கொண்டு யாரும் தெருவைப் பார்க்க வேண்டாம், அதை மட்டும் எழுத்தில் உறுதி செய்துவிட வேண்டும் என்று தோன்றியது. கருமாதி முடிந்து பத்து நாள் இருக்கும், நான் தகன மேடை அலுவலகத்துக்குப் போனேன். அங்கேதான் அந்த ரசீது போட முடியாத கதை.

அங்கிருந்து திரும்புகிற வழியில் பந்தல்கடைக்காரர் ஞாபகம் வந்தது. ஐஸ் பெட்டி, சாமியானா, நாற்காலி, சவ வண்டி எல்லாம் அவரிடம்தான். என் வீட்டுக்காரருக்கும் அவர்தான் கொண்டுவந்தார். கல்யாணத்துக்குப் போகிற நாற்காலிதான் எழவுக்கும் போகிறது, மேலே போடுகிற உறை மட்டும் வேறு. ஐம்பது வயது இருக்கும், சத்தமில்லாத மனிதர். நான் விஷயத்தைச் சொன்னதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுவிட்டார். உயிரோடு இருக்கிறவர் கையால் இதற்குப் பணம் வாங்கியதில்லை என்றார். உயில் எழுதுகிறவர்கள் எல்லாரும் உயிரோடு இருக்கும்போதுதான் எழுதுகிறார்கள், அதை நான் பதிவு செய்து கொடுக்கவில்லையா என்று கேட்டேன். அவர் பணத்தை மேசைமேல் வைக்கச் சொல்லி, அதன்மேல் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தார். கையால் தொடவில்லை.

பிறகு ஒரு நீள நோட்டை எடுத்து, நான் சொல்லச் சொல்ல எழுதினார். தகவல் தெரிந்த இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். ஐஸ் பெட்டி வேண்டாம், அவ்வளவு நேரம் வைத்திருக்கத் தேவை வராது. மாலைகள் வேண்டாம். நேராகத் தகன மேடை. சாம்பலைக் காவிரியில் விட யாரும் அலைய வேண்டாம், அங்கேயே தோட்டத்தில் கொட்டிவிடலாம். கொட்டு வேண்டாம். சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் சரிங்க சரிங்க என்று எழுதியவர், ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"பொறந்த ஊட்டுக் கோடிக்கு யாருக்குங்க சொல்லோணும்?"

யாருக்கும் சொல்ல வேண்டாம், கோடி வராது, எதிர்பார்க்கவும் வேண்டாம், அதையே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் எழுதாமல் தயங்கினார். எனக்குக் கோபம் வந்தது. எங்கள் வீட்டுக்காரர் எழவுக்கே வரவில்லை, எனக்கு எங்கே வரப்போகிறது என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வரலைன்னு யாருங்க சொன்னது? அன்னைக்கு முக்குல மஞ்சப்பையோட ஒருத்தர் நின்னுக்கிட்டே இருந்தாருங்களே" என்றார்.

யாராவது பஸ்ஸுக்கு நின்றிருப்பார்கள் என்றேன். இல்லை என்றார். அவர் அன்றைக்கு வண்டியை முக்கில் நிறுத்திவிட்டு டீக்கடையில் இருந்தாராம். பதினோரு மணி வாக்கில் வந்த ஒரு பெரியவர் டீக்கடை பெஞ்சில் உட்காராமல், எங்கள் தெருப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாராம். நிற்கிறாரே என்று இவர் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். டம்ளரை வாங்கிய கையில் சுண்டுவிரல் இல்லை, அதனால்தான் ஆள் மனசில் நிற்கிறார் என்றார்.

அப்புறம் என்ன நடந்தது என்று கேட்டேன்.

"கொட்டுச் சத்தமே காணமேன்னு ரெண்டு தடவை கேட்டாருங்க. கொட்டு வேண்டாம்னுட்டாங்களாம்னேன். அப்பறம் கோடிய எப்படி அழைப்பாங்கன்னாரு. எனக்கு அது வெளங்கலைங்க. கூட வர்றவங்களுக்குக் காத்திருக்கறாருன்னு நெனச்சேன்."

எனக்கு விளங்கியது. கிராமத்தில் கோடி கொண்டுவருகிறவர்கள் நேராக எழவு வீட்டுக்குள் நுழைவதில்லை. ஊர் முகப்பில் வந்து நிற்பார்கள். வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் கொட்டுக்காரர்களும் எழவு வீட்டு ஆள் ஒருவரும் அங்கே போய், கும்பிட்டு அழைத்து, கொட்டு முழக்கத்தோடு கூட்டிவருவார்கள். அழைக்க ஆள் வராமல் தானாக நடந்து வந்தால் அது மானம் கெட்ட காரியம். சுமுகமாக இருக்கிறவர்களே அப்படி வர மாட்டார்கள். பன்னிரண்டு வருடப் பகை உள்ளவர் எப்படி வருவார்? அப்பாவின் சாவுக்கு எங்கள் ஊர்ப் புளியமரத்தடியில் ஒவ்வொரு கூட்டமாக வந்து நின்றதையும், ஒவ்வொன்றுக்கும் கொட்டு போய்வந்ததையும் நான் கண்ணால் பார்த்தவள். இந்த வழக்கம் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. தெரியும். டவுனுக்கு வந்து முப்பது வருடத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை.

அரைக் கிலோமீட்டர் தூரம்தான் இருக்கும். வீட்டில் நாங்கள் அவர் வருவதற்காகக் காத்திருந்தோம். முக்கில் அவர் நாங்கள் அழைப்பதற்காகக் காத்திருந்தார். வெள்ளைச் சேலை வாங்க ஓடிய பக்கத்து வீட்டுப் பெண் அவரைத் தாண்டித்தான் கடைக்குப் போயிருக்க வேண்டும். கொட்டு வேண்டாம் என்று சொன்னது நான்.

மிச்சத்தையும் கடைக்காரர் சொன்னார். சவ வண்டி முக்கில் திரும்பும்போது அண்ணன் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கும்பிட்டாராம். கை காட்டி வண்டியை நிறுத்தி, கோடியைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது என்று சொல்லி, மஞ்சள் பையை டிரைவரின் பக்கத்தில் வைத்துவிட்டாராம். தகன மேடையில் அதை யாரும் கேட்கவில்லை. பிணத்தின் மேலிருந்து உருவிய துணிகளைக் குவித்துவைக்கிற மூலையில் டிரைவர் அதையும் போட்டுவிட்டான்.

"பச்சைச் சீலைங்க. தாலி அறுக்கறதுக்கு எல்லாரும் வெள்ளைதான் கொண்டாருவாங்க. பச்சையா இருக்குதேன்னு அன்னைக்கே சொல்லிக்கிட்டோம்" என்றார்.

நான் பணத்தையும் நோட்டையும் அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்று முழுக்க ஒன்றும் செய்யவில்லை. பெட்டியின் அடியில் அந்த வெள்ளைச் சேலை இருந்தது, ஒரு நாளும் கட்டியதில்லை. எடுத்துப் பார்த்தேன். அண்ணன் கடையில் நின்று, தங்கச்சிக்கு வெள்ளை வேண்டாம் என்று பச்சையை எடுத்துப் போடச் சொல்லியிருப்பார், கடைக்காரன் என்ன விசேஷம் என்று கேட்டிருப்பான், இவர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்து யோசித்து மண்டை வலித்தது. எனக்குப் பிறந்த வீடு இருந்திருக்கிறது. நான்கு வருடமாக இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

மறுநாள் காலையில் பஸ் ஏறி ஊருக்குப் போனேன். பதினாறு வருடத்துக்குப் பிறகு அந்த வாசலில் கால் வைக்கிறேன். அண்ணி உள்ளே இருந்து எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வரவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அண்ணன் மகன் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். முகம் கழுவிக்கொண்டு வந்து, வாங்க அத்தை என்று நாற்காலி போட்டான். பையன் என்று நினைவில் இருந்தவனுக்குக் காதோரம் நரைத்திருந்தது. சுற்றி வளைக்காமல் கேட்டேன், மாமா சாவுக்கு உன் அப்பா வந்தாரா என்று.

வந்தார் என்றான். அண்ணி தடுத்தும் கேட்காமல், கூட யாரையும் கூப்பிடாமல், தனியாகக் கிளம்பினாராம். சாயங்காலம் திரும்பி வந்து, தொட்டியில் தண்ணீர் மொண்டு தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு கட்டிலில் உட்கார்ந்தாராம். அத்தை எப்படி இருக்கிறார் என்று இவன் கேட்டதற்கு, "கூப்படலை" என்று மட்டும் சொன்னாராம். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

கொட்டு இல்லாத எழவு, வழக்கம் எனக்கு மறந்துபோயிற்று, வேண்டுமென்று செய்யவில்லை என்று சொன்னேன். எனக்கே அது சாக்குப்போக்காகக் கேட்டது. அவன் தலையை ஆட்டினான். நம்பினானா என்று தெரியாது. வேறு எப்படி ஈடு செய்வது என்று தெரியாமல், அந்த விடுதலைப் பத்திரத்தை இப்போதாவது எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். இப்ப எதுக்குங்க அத்தை என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. நான் கிளம்ப எழுந்தபோதுதான், கேட்க வேண்டாம் என்று நினைத்திருந்ததைக் கேட்பவன்போலத் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"அப்பா செத்தன்னைக்கு நீங்க வாரேன்னு சொன்னீங்கல்ல அத்தை. பஸ்ஸு வர்ற நேரத்துக்கெல்லாம் கொட்டுக்காரங்களப் புளியமரத்துக்கு அனுப்பினேன். மூணு தடவை போயிட்டு வெறுமனே வந்தாங்க."

நான் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். அவன் முன்னால் அழக்கூடாது என்று இருந்தேன், முடியவில்லை. அவன் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு அந்த ஆட்கள் வெறும் மரத்தடிக்குப் போய்த் திரும்பியதை நினைத்தேன். அதே நேரத்தில் நான் கைப்பையோடு நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணனை முக்கில் நிற்கவைத்தது எனக்குத் தெரியாமல் நடந்தது. இதைத் தெரிந்தே செய்தேன்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தான். புளியமரத்தடியில் நின்றோம். பஸ் வருவது தெரிந்தபோது, வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "எனக்குக் கோடி கொண்டாருவியா சாமி?"

அவன் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பஸ் பக்கத்தில் வந்து நின்றபிறகு கேட்டான். "கூப்புடுவாங்களா அத்தை?"

கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். நான் பதில் சொல்வதற்குள் ஏற வேண்டியதாயிற்று.

நேராகப் பந்தல்கடைக்குப் போனேன். மேசையில் நான் வைத்த பணமும் அதன்மேல் எலுமிச்சம்பழமும் அப்படியே இருந்தன. அவர் தொட்டிருக்கவில்லை, பழம் மட்டும் சுருங்க ஆரம்பித்திருந்தது. நோட்டை எடுக்கச் சொன்னேன். நான் சொல்லி அவர் எழுதியிருந்ததில் 'கொட்டு வேண்டாம்' என்பதை அடிக்கச் சொன்னேன். இரண்டு மணி நேரம் என்பதையும் அடிக்கச் சொன்னேன். ஐஸ் பெட்டி வேண்டும் என்றேன். திருச்செங்கோட்டுப் பக்கத்து அந்த நம்பரைக் கொடுத்தேன். ஒரு கொட்டுக்காரர் இருந்தால் போதும், வாசலில் அடிக்க வேண்டியதில்லை, மணிக்கு ஒரு தடவை முக்குவரை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும், யாராவது பையோடு நின்றால் கும்பிட்டு அழைத்துவர வேண்டும் என்றேன்.

அவர் எழுதிக்கொண்டே, "யாருங்க வருவாங்க?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

"வரலைன்னா எத்தனை மணி வரைக்குமுங்க பாக்கறது?"

விளக்கு வைக்கிற வரைக்கும் என்றேன். அவர் அதையும் எழுதினார். நோட்டை வாங்கி ஒரு எழுத்து விடாமல் படித்துப் பார்த்தேன். பிறகு அடியில் கையெழுத்துப் போட்டேன்.